பதினாலாம் குழாய்

அரைப் பக்கம் போதும் என்றார் இன்ஜினியர். புதிதாக ஷிப்ட் பொறுப்புக்கு வந்திருப்பவரைப் பற்றி நாலு வரி, கூடவே ஒரு புகைப்படம், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு. அவளிடம் கேட்டதற்கு, "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதனால் அந்தச் சுமை என் தலையில் விழுந்தது. நான் அவள் கணவன். இருபத்தோரு வருடமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். அதில் பதினேழு வருடமாக ஒரே கம்பி ஆலையில் வேலையும் செய்கிறேன். இதையெல்லாம் அரைப் பக்கத்தில் அடக்கச் சொல்கிறவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது சொல்லாமலே தெரியும்.

ஆலையில் அவளுக்குப் பெயர் ஊக்கு. இங்கே வருவதற்கு முன் அவள் ஒரு தையல் ஆலையில் இருந்தாள். வீட்டில் போட்டுக்கொள்ளும் தொளதொள கால்சட்டைக்கு இடுப்பில் நாடா கோர்ப்பதுதான் அங்கே அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு. நாடாவின் நுனியில் ஊக்கை மாட்டி, துணியின் மடிப்புக்குள் விட்டு, விரலால் நெருடி நெருடி அந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுவாள். தையல் ஆலையை மூடிவிட்டார்கள். எங்கள் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னாள். கம்பி இழுப்பது உன்னால் ஆகிற காரியமா என்று நான் கேட்டேன். விண்ணப்பத்தை அவளே போய் வாங்கிக்கொண்டாள். முதல் நாள் சட்டைக் காலரில் மூன்று ஊக்குகளோடு வந்து நின்றவளுக்கு மத்தியானத்துக்குள் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் அவளை இழுவைப் பிரிவில்தான் போட்டார்கள். விரல் மொத்தத்துக்கு வரும் கம்பியை அங்கே மெல்லியதாக்குவார்கள். அதற்கு 'டை' என்று ஒன்று உண்டு. நடுவில் துளை போட்ட கெட்டி உலோகக் கட்டி. துளை கம்பியைவிடச் சின்னது. அதற்குள் கம்பி போகவேண்டுமானால் முதலில் முனையைத் தேய்த்துக் கூராக்க வேண்டும். கூரான முனை துளை வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும், சங்கிலி கட்டிய கவ்வியால் அதைக் கவ்வி, உருளையில் மாட்டி இழுப்பார்கள். மொத்தக் கம்பியும் வேறு வழியில்லாமல் ஒல்லியாகி வரும். இப்படி ஒன்பது டை, ஒன்றைவிட ஒன்று சின்னதாக. ஒன்பதிலும் புதுக் கம்பியைக் கோர்த்து முடிக்கப் பழகிய ஆட்களுக்கே முக்கால் மணி நேரம் ஆகும், வழியில் நாலு தடவை முனை ஒடியும். இவள் கூரான முனையைக் கண்ணுக்கு நேரே தூக்கி உருட்டிப் பார்ப்பாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மறுபடி தேய்ப்பாள். சோப்புத் தூளில் புரட்டி எடுத்த பிறகுதான் துளையில் வைப்பாள். ஒடியவே ஒடியாது. உடம்பு பலத்தால் இழுக்கிறவர்கள் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மூன்று மாதத்தில் கூர் பார்க்க இவளைத்தான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் கூப்பிடவில்லை, ஏனென்றால் நான் வேறு பிரிவில் இருந்தேன். இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். அந்த வீராப்புக்கு என்னிடம் எந்தக் காலத்திலும் குறைவில்லை.

என் பிரிவு உலை. இழுத்து இழுத்து விறைத்துப்போன கம்பியை வளைத்தால் முறிந்துவிடும். அதைச் சுட்டு மறுபடி மெதுவாக்க வேண்டும். உலை மார்பளவு உயரம், பதினாறு தப்படி நீளம். உள்ளே இருபது இரும்புக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். குழாய்க்கு ஒரு கம்பியாக இருபது கம்பிகள் இந்தக் கோடியில் நுழைந்து, தணலாகச் சிவந்து, அந்தக் கோடியில் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் சீறிவிட்டுப் போகும். கம்பி நுழைகிற இடம் தலைப் பக்கம். வெளியே வந்து ஸ்பூல் என்கிற பெரிய உருளையில் சுற்றிக்கொள்கிற இடம் வால் பக்கம். நான் வால் பக்கம். இரண்டு வருடம் கழித்து அவளை உலைக்கு மாற்றினார்கள். தலைப் பக்கம். புருஷன் வாலில், பெண்டாட்டி தலையில் என்று கேலி பேசாத வாய் ஆலையில் இல்லை. நானும் சிரித்துவைத்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேலி செய்வார்கள்.

தலைப் பக்கத்து வேலை கண்ணும் கருத்துமாகச் செய்யவேண்டியது. சுருளில் கம்பி தீர்ந்துவரும்போது அதன் கடைசி முனையை அடுத்த சுருளின் முதல் முனையோடு வெல்டிங் மிஷினில் முட்டவைத்து ஒட்டவேண்டும். ஒட்டிய இடத்தில் மிளகு மாதிரி ஒரு புடைப்பு வரும். அதை அரத்தால் வழவழவென்று தேய்த்துவிட வேண்டும். அப்புறம் பழைய கம்பி புதுக் கம்பியைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். எரிகிற உலைக்குள் யாரும் புதிதாகக் கம்பியை நுழைப்பதில்லை, நுழைக்கவும் முடியாது. அதனால் ஒரு குழாய்கூட ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

காலியானால் அது செத்த குழாய். வருடத்துக்கு ஒரு முறை உலையை ஆறவைத்துப் பழுது பார்ப்பார்கள். அதுவரை செத்தது செத்ததுதான். அதன் வாயில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அட்டையில் குழாய் எண், தேதி, அப்போது தலைப் பக்கம் நின்றவர் பெயர். எனக்குத் தெரிந்து இரண்டு அட்டைகள் தொங்கியிருக்கின்றன. மூன்றாம் குழாயில் தன் பெயரைத் தினமும் பார்த்து நொந்துபோன ஒருவர், வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரைச்சலில் ஒரு கோடியில் கத்தினால் மறுகோடியில் கேட்காது. அதற்காக உலை நெடுக ஒரு கயிறு போகிறது. அவள் கயிற்றை இழுத்தால் என் தலைக்கு மேலே மணி அடிக்கும். என்னைப் பார் என்பதற்கு மேல் அந்த மணிக்கு எந்த அர்த்தமும் இல்லை. நான் திரும்பியதும் உலைக்கு மேலே அனலில் நெளிகிற அவள் முகமும் கையும் தெரியும். என்ன வேண்டுமோ கையால் சொல்லுவாள். பதினைந்து வருடமாக ஒரு மணிக்குக்கூட நான் திரும்பாமல் இருந்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

இனி என் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஷிப்ட் பொறுப்புக்கு அவள் பெயரை யோசித்துக்கொண்டிருப்பதாக இன்ஜினியர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு. வீட்டில் துவைத்த துணியை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். குரலில் அடக்கிவைத்த சந்தோஷம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அன்றைக்கு நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"வீட்டுல போதாதுன்னு அங்கயும் உன் முன்னாடி நான் கைகட்டி நிக்கணுமா? உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

அவள் கையில் இருந்தது என் சட்டை. அதை மடிக்காமல் நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாப்பாடு மேசைக்கு வரும், கூப்பிட ஆள் வராது. கல்லூரிக்குப் போகிற எங்கள் மகள், "அம்மா தரப்புச் செய்தி: கேஸ் தீர்ந்துடுச்சு. அப்பா தரப்புப் பதில் என்ன?" என்று நடுவில் நின்று கிண்டலடித்தாள். ஆலைக்குப் போகிற பேருந்தில் என் மனைவி முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். ஆலையில் உலையின் நடுவே நின்று தீயைப் பார்த்துக்கொள்ளும் தீக்காரர் எங்கள் இருவருக்கும் தபால்காரர் ஆனார். அவர் இவளைத் தங்கச்சி என்பார், அந்த உரிமையில் நான் அவருக்கு மச்சான். "மச்சான், ஒம்பதுல சுருள் மாறுதாம், சொல்லச் சொன்னா," என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடந்து வந்து, கால் வலிக்கிறது, சீக்கிரம் சமாதானமாகித் தொலையுங்கள் என்று என்னிடம் முறையிட்டார். அவள் முதலில் பேசட்டும் என்றேன். பதினோரு நாள் அப்படிப் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. காலை பதினொன்றரை இருக்கும். மணி அடித்தது.

கேட்டது. நன்றாகவே கேட்டது. பதினோரு நாளாகத் தீக்காரரை அனுப்பிக்கொண்டிருந்தவள் இப்போது தானே மணி அடிக்கிறாள் என்றால், இறங்கி வருகிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் காக்கட்டுமே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நிரம்பவே நிரம்பாத ஒரு ஸ்பூலைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தேன். மணி மறுபடி அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது கயிறே அறுந்துவிடும் போல இருந்தது. அப்போதும் நான் உடனே திரும்பவில்லை.

தலைப் பக்கம் நடந்தது இதுதான். பதினாலாம் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்த சுருளில் ஒரு சிக்கு. வளையம் இறுகி, அவள் ஓடி வருவதற்குள் கம்பி படாரென்று அறுந்துவிட்டது. அறுந்த முனை குழாய்க்குள் போகத் தொடங்கியது. ஸ்பூலை நிறுத்தும் பிடி என் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் மணியிலேயே நான் நிறுத்தியிருந்தால் முனை குழாயின் வாய்க்கு அருகிலேயே நின்றிருக்கும், கொக்கி போட்டு வெளியே எடுத்து ஒட்டியிருப்பாள். ஐந்து நிமிட வேலை. நான் திரும்பியபோது என் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பதினாலாம் கம்பியின் அறுந்த வால் துள்ளிக்கொண்டு வெளியே வந்து என் காலடியில் விழுந்தது.

 அதற்கு அடுத்த நொடியில் நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. சிவப்பு அட்டையில் அவள் பெயர் வரும், நாளைய முடிவில் அவள் பெயர் வராது, நான் கைகட்டி நிற்கவேண்டியதில்லை என்று தோன்றியது. தோன்றியதும் உடம்பு லேசானது. ஒரே ஒரு நொடிதான். பிறகு உலைக்கு மேலே அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கோபமாக இல்லை. கையில் மணிக் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலைப் பக்கத்துக்கு ஓடினேன். தீக்காரர் ஏற்கெனவே அங்கே நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். அதற்குள் குழாய்க்கு உயிர் வந்தால் அட்டை கிடையாது. வராவிட்டால், அடுத்துப் பழுது பார்க்கும்வரை, ஏழு மாதம் தொங்கும். முதலில் தீக்காரர் தன் யோசனையைச் செய்து பார்த்தார். மரையால் ஒன்றோடொன்று கோர்த்து நீட்டிக்கொள்ளும் கம்பிக்கோல் ஒன்று இருந்தது. ஆறின உலையைச் சுத்தம் செய்யப் பயன்படுவது. அதை ஒவ்வொரு துண்டாகக் கோர்த்துக் கோர்த்து உள்ளே தள்ளினோம். பத்துத் தப்படி போயிருக்கும். ஒவ்வொரு துண்டாகக் கோர்க்கும் நேரத்தில் முன்னால் போனது சூட்டில் துவண்டு மேற்கொண்டு நகர மறுத்தது. வெளியே இழுத்தபோது வாடிய கீரைத்தண்டு மாதிரி தொங்கிக்கொண்டு வந்தது.

இரண்டாவது யோசனை என்னுடையது. இழுவைப் பிரிவிலிருந்து, சுடாத விறைப்பான கனத்த கம்பி இருபது தப்படி நீளத்துக்கு நேராக்கி வாங்கி வந்தேன். ஒரே துண்டு, நடுவில் நிறுத்தாமல் ஓட்டமாகத் தள்ளினால் துவளுவதற்குள் அந்தப் பக்கம் போய்விடும் என்பது என் கணக்கு. கம்பித் தொழிலில் இருக்கிற யாராக இருந்தாலும் கம்பியை ஒரு துளையில் விடுவதற்கு முன் செய்வதைத்தான் நானும் செய்தேன். முனையை ஊசிபோலக் கூராக்கினேன். அவளே கூரை வாங்கிக் கண்ணுக்கு நேரே உருட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். மூன்று பேரும் தள்ளினோம். பதின்மூன்று தப்படி சரசரவென்று போயிற்று. அப்புறம் சுவரில் முட்டியதுபோல நின்றது. இழுத்தோம், மறுபடி தள்ளினோம், அங்கேயே நின்றது. அதற்குள் அதுவும் இளகிவிட்டது.

ஒரு மணி இருபதுக்கு இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். கையில் சிவப்பு அட்டை. குழாய் எண் 14 என்று எழுதி, தேதி எழுதி, அவள் பெயரையும் எழுதிவிட்டார். இரண்டு மணி வரை கையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பேனா நகர்ந்ததைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், தப்பு என்னோடது. மணி அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. நான்தான் திரும்பல."

ஏன் என்று கேட்டார். வீட்டுச் சண்டை என்றேன். தீக்காரர் தரையைப் பார்த்தார். இன்ஜினியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சடித்த அட்டை.

"இதுல வால் பக்கத்துக்கு இடமே இல்லைங்களே," என்றார் மெதுவாக.

அவள் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. வெளியே இழுத்துப் போட்டிருந்த கம்பியின் முனையைச் சாக்குத் துணியால் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அழகான கூர், கிளி மூக்கு மாதிரி ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. தீக்காரரைக் கூப்பிட்டு, குழாய் ஒரே துண்டா, ஒட்டுப் போட்டதா என்று கேட்டாள். மூன்று துண்டு, இரண்டு இடத்தில் ஒட்டு, அந்தப் பக்கத்து ஒட்டில் கொஞ்சம் விளிம்பு தூக்கியிருக்கும் என்றார் அவர். அவள் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போயிற்று. அங்கே இருந்த ஊக்கை எடுத்தாள். மூடியிருந்த ஊக்கின் உருண்டைத் தலையைக் கட்டை விரலால் தடவினாள்.

"நாடா கோக்கும்போது ஊக்கோட கூரை முன்னாடி விட்டா துணியில குத்திக்கிட்டு நிக்கும். மொண்ணையைத்தான் முன்னாடி விடணும்," என்றாள் தீக்காரரிடம். "நாம கூரை விட்டுருக்கோம் அண்ணே."

பதினேழு வருடம் கூர், கூர் என்று தேய்த்துத் தேய்த்து எங்கள் எல்லோர் புத்தியும் அந்த ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது. டைக்குள் நுழையத்தான் கூர் வேண்டும். குழாய் கம்பியைவிட மூன்று மடங்கு அகலம். அங்கே கூருக்கு என்ன வேலை? அது ஒட்டின் விளிம்பைத் தேடிப் போய்க் குத்திக்கொண்டு நிற்கத்தான் உதவியது.

புதிதாக இன்னொரு விறைப்புக் கம்பி வந்தது. அவள் அதன் முனையை வெல்டிங் மிஷினில் வைத்து உருக்கினாள். மற்ற நாளில் மிளகளவு புடைப்பு வந்தாலே அரத்தை எடுத்துத் தேய்த்துவிடுகிறவள், அன்றைக்கு மறுபடி மறுபடி உருக்கி அதைப் புளியங்கொட்டை அளவுக்கு வளர்த்தாள். ஆறியதும் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். கம்பியின் பின்முனையில் பதினாலாம் குழாய்க்கு உரிய புதுச் சுருளின் முனையை ஒட்டினாள். அந்த ஒட்டை மட்டும் வழவழவென்று தேய்த்தாள். மணி ஒன்று நாற்பது.

எனக்கான உத்தரவு தீக்காரர் வழியாகவே வந்தது. கம்பியின் உருண்டைத் தலை வெளியே வந்ததும் கவ்வியால் பிடிக்கவேண்டும். பின்பக்கமாகவே நடக்கவேண்டும். விறைப்புக் கம்பி வருகிறவரை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம், பின்னால் வருகிற மெல்லிசுக் கம்பி சூட்டில் இளகியிருக்கும், வெடுக்கென்று இழுத்தால் மிட்டாய்போல நீண்டு அறுந்துவிடும். நின்றாலும் போச்சு. அதனால் அவள் கையைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது.

வால் பக்கம் போய்க் குழாயின் வாய்க்கு நேரே நின்றேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் தவிர ஒன்றும் தெரியவில்லை. உலைக்கு மேலே பார்த்தேன். அவளும் தீக்காரரும் குனிந்து தள்ளுவது தெரிந்தது. இன்ஜினியர்கூட அட்டையைப் பையில் வைத்துவிட்டுக் கம்பியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு தப்படி இருக்கும், எட்டு இருக்கும் என்று மனசுக்குள் எண்ணினேன். பதின்மூன்றில் அவர்கள் தோள்கள் ஒரு கணம் தயங்கின.  அவள் கம்பியைக் கொஞ்சம் உருட்டினாள், நாடாவை நெருடுவதுபோல. தோள்கள் மறுபடி முன்னால் போயின. சிவந்த புளியங்கொட்டை குழாயின் வாயில் எட்டிப் பார்த்தது.

கவ்வினேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாய் அசைந்தது. இரைச்சலில் எனக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை, ஆனால் கேட்டது.

"இழுங்க."

பன்னிரண்டு நாளில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நான் இழுத்தேன். பின்பக்கமாகவே நடந்தேன். அவள் கை ஏறி இறங்கியது, அதற்குத் தகுந்தபடி என் கால் பின்னால் போயிற்று. விறைப்புக் கம்பி முழுவதும் வந்தது, ஒட்டு வந்தது, அதன் பின்னால் மெல்லிசுக் கம்பி செக்கச்செவேலென்று வந்தது. கையில் அதன் கனமே தெரியவில்லை, அவ்வளவு இளகியிருந்தது. பின்னால் ஏதோ ஒரு பெட்டியில் இடித்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சிவந்த நீளம் எவ்வளவு, குளிர்ந்த நீளம் எவ்வளவு என்று என் கண் பார்க்காவிட்டாலும் கை பார்த்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியில் அழுத்தினேன், சீறியது. ஸ்பூலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடியைத் தள்ளினேன். பதினாலாம் ஸ்பூல் ஒரு முக்கு முக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.

ஒன்று ஐம்பத்தாறு. தீக்காரர் என்னைத் தேடி வந்து கட்டிக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அந்த இடித்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்ஜினியர் அட்டையை நாலாகக் கிழித்தார், பிறகு என்ன நினைத்தாரோ, துண்டுகளைக் கீழே போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டார். அவள் அங்கே சுருளில் இன்னொரு சிக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பேருந்தில் நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவள் ஏறினாள். முன்னால் இடம் இருந்தும் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டியதும் நான் மன்னிப்புக் கேட்டேன். மணிக்குத் திரும்பாததற்கு மட்டும்தான் கேட்டேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கம்பி வெளிய வந்து விழுந்துச்சே, அப்போ உங்க தோள் இறங்குனதை நான் பாத்தேன்."

 பதினைந்து வருடமாக என்னைப் பதினாறு தப்படி தள்ளி நின்று பார்க்கிறவளிடம் எதை ஒளிக்க முடியும்? ஆமாம் என்றேன். ஒரு நொடி சந்தோஷப்பட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பேருந்தில், சீருடையோடு, இந்த வயதில்.

"அப்புறம் எதுக்கு இன்ஜினியர்கிட்டப் போய் ஒத்துக்கிட்டீங்க?"

"அதுல உன் பேரை எழுதுறதைப் பாக்க முடியல."

 அவள் என் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியில் இடித்ததில் கிழிந்திருந்தது. காலரிலிருந்து ஊக்கை எடுத்துக் கிழிசலைச் சேர்த்து மாட்டினாள். வீட்டுக்குப் போனதும் தைத்துக்கொள்ளலாம் என்றாள். நாங்கள் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்ததைப் பார்த்த மகள், தன் தபால் வேலை போய்விட்டதே என்று போலியாக வருத்தப்பட்டாள். அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள் என்று அவள் அன்றைக்குச் சாப்பிட்டதிலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. திங்கட்கிழமை அவள் பொறுப்பேற்றாள். தலைப் பக்கத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அவள் கையில் ஒரு நோட்டோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். என்னிடம் வந்து, ஏழாவது ஸ்பூல் சாய்ந்து சுற்றுகிறது, சரி செய்யுங்கள் என்றாள். சரி என்றேன். கைகட்டி நிற்கவில்லை, கையில் கவ்வி இருந்தது. அவ்வளவுதான், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இதற்காகவா பன்னிரண்டு நாள் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பதினொன்றரை மணி வாக்கில் மணி அடித்தது. ஒரே தடவைதான். அது ஓய்வதற்குள் திரும்பிவிட்டேன், கையிலிருந்த கவ்வி காலில் விழுந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. இருபது கம்பிகளும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. தலைப் பக்கத்தில், கயிற்றைப் பிடித்தபடி, அனலில் நெளிகிற முகத்தோடு அவள் நின்றாள். என்ன என்று கையால் கேட்டேன். அவள் கயிற்றை விட்டுவிட்டு நோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தீக்காரர் காலை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இந்த முறை முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுமில்லையாம் மச்சான். நீங்க பாக்குறீங்களான்னு பாத்தாளாம்."

நான் இன்னும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.